பழைய ஹையேஸ் வேனுக்கு ஷெல் ரிமுலா ஆர்4 எக்ஸ் 15டபிள்யூ-40

பத்து வருஷம் தாண்டிய, டிபிஎஃப் (புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இல்லாத டீசல் வேன் வைத்திருக்கிறீர்களா? ஷெல் ரிமுலா ஆர்4 எக்ஸ் 15டபிள்யூ-40 ஆயிலைத் தாராளமாக வாங்கலாம். விலை கட்டுப்படியாகிறது. இன்ஜின் நிம்மதியாக ஓடுகிறது. ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் ஆயில் குறைவதும் மட்டுப்பட்டிருக்கிறது. டிபிஎஃப் இருக்கும் வண்டி என்றால் இதைத் தொடவே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என்னுடையது டொயோட்டா ஹையேஸ், 3.0 லிட்டர் டர்போ டீசல், 1கேடி இன்ஜின். 2009ல் பதிவானது. 2019ல் சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான பத்து வருஷ உரிமம்) முடிந்தபோது ஸ்கிராப்புக்கு அனுப்பாமல் இன்னொரு பத்து வருஷத்துக்குப் பணம் கட்டிப் புதுப்பித்தேன். சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் எங்கள் கேட்டரிங் சமையற்கூடம் இருக்கிறது. விடிவதற்கு முன்பே தேக்கா மார்க்கெட், அப்புறம் ஆபீஸ் சாப்பாடு, சாயங்காலம் கல்யாண வீடோ கோயில் விசேஷமோ. அண்டா அண்டாவாகச் சாம்பாரையும் சாதத்தையும் ஏற்றிக்கொண்டு சிராங்கூன் ரோட்டு நெரிசலில் ஊர்ந்து போகிற வண்டி. கிளப்பி நாலு கிலோமீட்டர் ஓட்டுவோம், அணைப்போம், இறக்குவோம், மறுபடி கிளப்புவோம். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள்ளேயே பாதி ஓட்டம் முடிந்துவிடும். பிஐஇ விரைவுச்சாலையில் ஒரே சீராக ஓடுகிற வண்டியைவிட இப்படி ஓடுகிற வண்டியில்தான் ஆயில் சீக்கிரம் கெடும். எரியாத டீசலும் ஈரமும் ஆயிலில் கலந்து, ஆவியாகிப் போக நேரம் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிடும்.

இதற்கு முன்னால் நான் போய்க்கொண்டிருந்த ஒர்க்‌ஷாப்பில் ஃபுல்லி சிந்தெடிக் 5டபிள்யூ-30 ஆயிலைத்தான் ஊற்றினார்கள். “விலை கூடினது, அதனால நல்லது” என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே விளக்கம். நல்ல ஆயில்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாருக்கு நல்லது என்று பார்க்க வேண்டாமா? டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு லேசாக ஓடும் என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூவை மைனஸ் 30 டிகிரியிலும் 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். சிங்கப்பூரில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான், அதுவும் 1989 பிப்ரவரியில். மைனஸ் 30க்கு வேண்டிய குணத்துக்கு இங்கே நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண். சூடேறிய இன்ஜினில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை அதுதான் சொல்லும். 30க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. 150 டிகிரிச் சூட்டில், பேரிங்குக்கு நடுவில் நசுங்கும் நிலையில் ஆயில் படலம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் 5டபிள்யூ-30க்குக் குறைந்தபட்சம் 2.9 போதும், 15டபிள்யூ-40க்கு 3.7 வேண்டும். தேய்ந்த ரிங்கும் தளர்ந்த பேரிங்கும் உள்ள பழைய இன்ஜினுக்கு, முழுப் பாரம் ஏற்றி மத்தியான வெயிலில் மேம்பாலம் ஏறும்போது இந்த வித்தியாசம்தான் கைகொடுக்கும். மெல்லிசு ஆயிலில் பெட்ரோலோ டீசலோ கொஞ்சம் மிச்சமாகும் என்பது உண்மை. என் வண்டிக்கு அந்த மிச்சத்தைவிட இன்ஜினின் ஆயுள் பெரிது.

அதற்காக 20டபிள்யூ-50க்குத் தாவிவிடாதீர்கள். “பழைய இன்ஜின் சத்தம் அடங்கிரும்” என்று பலர் சொல்வார்கள். சத்தம் அடங்கலாம், தேய்மானம் அடங்காது. காலையில் கிளப்பியதும் டர்போவுக்கும் மேலே உள்ள பாகங்களுக்கும் ஆயில் போய்ச் சேர அவ்வளவுக்குத் தாமதமாகும்.

டப்பாவைக் கையில் எடுத்தால் முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறி) என்ற இடத்தில் சி என்று தொடங்குவது டீசலுக்கு, எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு. என் வண்டியின் கையேடு கேட்பது சிஎஃப்-4 அல்லது சிஎஃப். சிஎஃப்-4 என்பது 1990ல் வந்த தரம். ரிமுலா ஆர்4 எக்ஸின் தரம் சிஐ-4, அது 2002ல் வந்தது. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் ஈஜிஆர் உள்ள இன்ஜின்களை மனத்தில் வைத்துச் செய்தது. அப்படித் திரும்பி வரும் புகையால் ஆயிலில் கரி அதிகமாகச் சேரும். அந்தக் கரியைக் கட்டியாகத் திரள விடாமல் பிரித்து வைத்திருப்பதுதான் இந்தத் தரத்தின் பெரிய வேலை. 1கேடியிலும் ஈஜிஆர் இருப்பதால் எனக்கு இது சரியாகப் பொருந்துகிறது. ஊற்றிய கொஞ்ச நாளிலேயே, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இந்த இன்ஜின் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எந்த விலை உயர்ந்த ஆயிலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் செம்பு வாஷர்கள் இருக்கின்றன. அவை விட்டுப்போனால் எரிந்த வாயு மேலே கசிந்து வால்வ் கவருக்குள் புகுந்து, ஆயிலைக் கரிக்கட்டியாக்கிவிடும். இப்போது நான் போகும் ஒர்க்‌ஷாப்பில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார், வேனைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிக் காட்டினார். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் கம்பி வலை ஒன்று இருக்கிறது, தேநீர் வடிகட்டி அளவுக்குத்தான். அதன் கண்களில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு, தோசைக்கல் ஓரத்தில் காய்ந்து பிடித்த கரி போலச் செதில் செதிலாக அப்பியிருந்தது. நகத்தால் நெம்பினால் நொறுங்கியது. “அக்கா, இது முழுசா அடைச்சிருந்தா ஆயில் நிறைய இருந்தும் இன்ஜின் பட்டினி கிடந்து ஜாம் ஆயிருக்கும். லைட் எரியிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்” என்றார். வாஷர்களையும் வலையையும் மாற்றிய பிறகுதான் புது ஆயிலே ஊற்றினோம். உங்கள் வண்டியும் 1கேடி அல்லது 2கேடி என்றால், எந்த ஆயில் என்று யோசிப்பதற்கு முன்னால் இந்த வாஷர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததே பெரும்பாலும் இதற்காகத்தான்.

இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றிக் கழுவலாமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். பல வருஷக் கரி ஒரே நேரத்தில் உதிர்ந்தால் நேராக அந்த வலைக்குத்தான் போகும். அதைவிட நல்ல ஆயிலை ஊற்றிச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றினால் மெல்ல மெல்லச் சுத்தமாகும். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஃபில்டரோடு சேர்த்து மாற்றுகிறேன். இது மினரல் ஆயில், பத்தாயிரம் வரை இழுக்கிற எண்ணம் இருந்தால் வேறு ஆயில் பாருங்கள். 5 லிட்டர் டப்பா ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டு டப்பாவும் ஃபில்டரும் சேர்ந்தே எனக்கு நூறு வெள்ளிக்குள் முடிகிறது. அதனால் அடிக்கடி மாற்றவும் மனசு வருகிறது.

ஓட்டிப் பார்த்ததில்? காலையில் கிளப்பியதும் சில விநாடிகள் இன்ஜின் கொஞ்சம் கரகரவென்கிறது, 5டபிள்யூவில் அது குறைவாக இருந்தது. அதற்குப் பிறகு வித்தியாசம் தெரிவதில்லை. பாரத்தோடு ஏறும்போது முன்னைவிட அமைதியாக இருக்கிறது. பத்து வருஷம் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்‌ஷன். புகைச் சோதனையில் வண்டி தங்குதடையில்லாமல் தேறியது. அந்தப் பெருமை ஆயிலைவிட வாஷர்களுக்கே அதிகம் சேரும் என்று நினைக்கிறேன்.

இப்போது டிபிஎஃப் விஷயம். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் அந்த ஃபில்டரில் கரி எரிந்துவிடும், ஆயிலில் உள்ள சாம்பல் எரியாது. அது அங்கேயே தங்கி நாளடைவில் ஃபில்டரை அடைக்கும். சிஐ-4 ஆயிலில் சாம்பலுக்கு வரம்பு இல்லை. புது வேன் வைத்திருப்பவர்கள் ஏசிஇஏ சி வரிசை, ஜாசோ டிஎல்-1 போன்ற தரக் குறியுள்ள குறைந்த சாம்பல் ஆயிலில், கையேடு எதைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள். அங்கே சிக்கனம் பார்த்தால் ஃபில்டருக்குத் தண்டம் அழ வேண்டும்.

பெர்த்தில் இருக்கும் என் நாத்தனார் குடும்பம் பழைய டொயோட்டா கோஸ்டர் பஸ் ஒன்றை, கட்டிலும் அடுப்பும் வைத்து, ஊர் சுற்றும் வீடாக மாற்றி வைத்திருக்கிறார்கள். 1எச்இசட், 4.2 லிட்டர், டர்போ இல்லாத டீசல். “அண்ணி, எங்களுக்கும் இதே ஆயில் ஆகுமா?” என்று கேட்டாள். ஆயில் ஆகும், மாற்றும் கணக்குத்தான் வேறு. என் வண்டி தினமும் ஓடுகிறது, அவர்களுடையது பள்ளி விடுமுறைக்குத்தான் வெளியே வரும். நின்றுகொண்டே இருந்தாலும் பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் பேரிங்கை அரிக்கும். ஆகவே கிலோமீட்டரைப் பார்க்காமல் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொன்னேன். மாதக்கணக்கில் நிறுத்தப் போவதாக இருந்தால், மாற்றிவிட்டு நிறுத்துவது இன்னும் நல்லது. சும்மா ஐந்து நிமிஷம் கிளப்பி அணைக்கவும் வேண்டாம், அது ஈரத்தைக் கூட்டத்தான் செய்யும். கிளப்பினால் அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வர வேண்டும்.

ரிமுலா கிடைக்காவிட்டால் கால்டெக்ஸ் டெலோ கோல்ட் அல்ட்ரா 15டபிள்யூ-40, மொபில் டெல்வாக் எம்எக்ஸ் 15டபிள்யூ-40 இரண்டும் இதே வகைதான். பின்பக்கத்தில் சிஐ-4 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிராண்டுக்காக நான் யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன்.

சண்டைக்குப் போவது ஒரே ஒரு விஷயத்துக்கு. டிரம்மிலிருந்து பிடித்து ஊற்றுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். என்ன ஆயில் என்று கேட்டதற்கு “எல்லாம் ஒண்ணுதான்” என்று பதில் வந்த இடம் ஒன்று உண்டு, அங்கே நான் மறுபடி போகவில்லை. முத்திரை உடையாத டப்பாவை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். முக்கால்வாசி ஒர்க்‌ஷாப்பில் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். இரண்டாவது டப்பாவில் மிஞ்சுவதை மூடி வண்டியிலேயே வைத்திருங்கள். வாரம் ஒரு முறை, சமதளத்தில் நிறுத்தி, அணைத்துச் சில நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைந்திருந்தால் அதிலிருந்தே ஊற்றிக்கொள்ளலாம், மேல் கோட்டைத் தாண்டாமல்.