ஸ்ட்ரிப்ல கலர் வழுக்கிட்டுப் போகணும்னா எது நல்லது: நியோபிக்சலா, ஃபாஸ்ட்எல்இடியா, டபிள்யூஎல்இடியா?

டபிள்யூஎஸ்2812பின்னா ஒவ்வொரு எல்இடியோட கலரையும் தனித்தனியா மாத்தக்கூடிய ஸ்ட்ரிப். அத ஓட்ட நியோபிக்சல், ஃபாஸ்ட்எல்இடின்னு ரெண்டு கோட் லைப்ரரி, டபிள்யூஎல்இடின்னு ஒரு ரெடிமேட் சாஃப்ட்வேர் இருக்கு. சும்மா ரெயின்போ ஓட்டணும்னா மூணுல எத போட்டாலும் ஓடும், பகல்ல பாத்தா வித்தியாசமே தெரியாது. ராத்திரி ரூம் லைட்ட அணைச்சுட்டு பிரைட்னஸ நல்லா கொறைச்சு மெதுவா ஃபேட் விட்டுப் பாருங்க, அப்பத்தான் எது எப்படின்னு தெரியும். ஒரு கலருக்கு 8 பிட், அதாவது 0ல இருந்து 255 வரைக்கும்தான் இருக்கு, கீழ 3, 2, 1ன்னு வரும்போது வெளிச்சம் படிக்கட்டு எறங்கற மாதிரி தடக் தடக்குன்னு விழும்.

அடாஃப்ரூட்டோட நியோபிக்சல் லைப்ரரி கத்துக்க ரொம்ப ஈஸி, ஆர்ஜிபிடபிள்யூ (தனி வெள்ளை எல்இடியும் சேந்த) ஸ்ட்ரிப்புக்கும் ஒழுங்கான சப்போர்ட் இருக்கு. ஆனா அதுல மொத்த வெளிச்சத்த மாத்தற செட்பிரைட்னஸ் ஃபங்ஷன வச்சு ஃபேட் பண்ணாதீங்க ப்ளீஸ். அது மெமரில இருக்கற கலர் வேல்யூவையே அடிச்சு மாத்திடும், கீழ எறக்கிட்டு திரும்ப ஏத்துனா பழைய கலர் அப்படியே வராது, அது செட்டப்ல ஒரு தடவை வைக்கறதுக்குத்தான். இன்னொரு பக்கம், இந்த லைப்ரரிய மட்டம் தட்டறவங்க கவனிக்காத ஒண்ணு இருக்கு, இதோட கலர்எச்எஸ்வி ஃபங்ஷன்ல ஹியூ, அதாவது கலர் வட்டத்துல எந்த கலர்ங்கற நம்பர், 0ல இருந்து 65535 வரைக்கும், உள்ள உண்மையா வர்றது 1530 கலர். ஃபாஸ்ட்எல்இடில ஹியூ வெறும் 256 ஸ்டெப்தான். சோ முழு ஸ்ட்ரிப்பும் ஒரே கலர்ல, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னு மெதுவா மாறணும்னா இங்க நியோபிக்சல்தான் ஜெயிக்குது, கூடவே வெளிச்சத்த கண்ணுக்கு ஏத்த மாதிரி சரி பண்ற காமா32 ஃபங்ஷனையும் போட்டுக்கோங்க.

மத்தபடி கோட் எழுதறவங்களுக்கு என் ஓட்டு ஃபாஸ்ட்எல்இடிக்குத்தான். பேலட் (கலர் தொகுப்பு), பீட்சைன்8 (அலை மாதிரி ஏறி எறங்கற நம்பர்), ஃபேட்டுபிளாக்பை (மெல்ல மங்க வைக்கறது) இதெல்லாம் ரெடியா இருக்கு, ஒரு புள்ளி ஓடி பின்னாடி வால் மங்கிட்டே வர்ற எஃபெக்ட் நாலஞ்சு வரில முடிஞ்சுரும். பிரைட்னஸ் கணக்க அனுப்பற நேரத்துலதான் போடுது, நீங்க கலர் வச்சிருக்கற அர்ரேல கை வைக்காது. இதுல பெரிய விஷயம் டித்தரிங், கொறைஞ்ச பிரைட்னஸ்ல ஒரு ஃப்ரேம் 2, அடுத்த ஃப்ரேம் 3ன்னு மாத்தி மாத்தி அனுப்பி கண்ணுக்கு ரெண்டரை மாதிரி காட்டிரும். ஆனா செகண்டுக்கு 100 ஃப்ரேமுக்கு கீழ போனா அது தானா ஆஃப் ஆயிடும். ஒரு எல்இடிக்கு டேட்டா போக 30 மைக்ரோ செகண்ட் ஆகுது, 300 எல்இடின்னா 9 மில்லி செகண்ட், அப்ப அதிகபட்சமே 110 ஃப்ரேம் கிட்டத்தான், 400 எல்இடிய ஒரே பின்ல தொங்கவிட்டா டித்தரிங்க மறந்துருங்க. அதே மாதிரி லூப்ல சாதா டிலே போட்டாலும் போச்சு, ஃபாஸ்ட்எல்இடியோட சொந்த டிலே போட்டா காத்திருக்கற நேரத்துலயும் அனுப்பிட்டே இருக்கும்.

இந்த ரெண்டு லைப்ரரியுமே ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டுல டேட்டா போற நேரம் இன்டரப்ட்ட (வெளிய இருந்து வர்ற சிக்னல உடனே கவனிக்கற வசதிய) நிறுத்திடும், அதனால ஐஆர் ரிமோட் சேத்தீங்கன்னா பாதி பட்டன் வேலை செய்யாது, தலை பிச்சுக்கும். அந்த ஊனோல ரேம் மொத்தமே 2 கேபி, 300 எல்இடிக்கே 900 பைட் போயிரும். இஎஸ்பி32 போர்டு எடுத்தா இந்த தொல்லை பெரும்பாலும் இல்ல, என்ன, அதோட பின் 3.3 வோல்ட், 5 வோல்ட் ஸ்ட்ரிப் டேட்டாவுக்கு கேக்கறது 3.5 வோல்ட், அதனால நடுவுல சிக்னல் வோல்டேஜ ஏத்தற ஒரு லெவல் ஷிஃப்டர் வச்சுருங்க.

டபிள்யூஎல்இடி லைப்ரரி இல்ல, இஎஸ்பி போர்டுல ஏத்தற முழு ஃபர்ம்வேர். கோடே வேணாம், கொலுப்படிக்கு லைட் போட்டு மொபைல்ல கலர் மாத்துனா போதும்னா வேற எதையும் யோசிக்காதீங்க. 100க்கு மேல எஃபெக்ட் இருக்கு, காமாவும் கரண்ட் லிமிட்டும் உள்ளயே இருக்கு. சில பேர் ஸ்ட்ரிப் டல்லா எரியுதுன்னு புலம்புவாங்க, அந்த லிமிட் டிஃபால்ட்டா 850 மில்லிஆம்ப்ல இருக்கும், உங்க சப்ளைக்கு ஏத்த மாதிரி மாத்தணும். சொந்தமா புது அனிமேஷன் எழுதணும்னா மட்டும் அடுத்தவங்க எழுதுன பெரிய கோட்குள்ள எறங்கணும், பழகுறதுக்கு நாளாகும்.

பெட்ரூம் லைட் மாதிரி ரொம்ப மங்கலா, தடக்கே இல்லாம வேணும்னா லைப்ரரிய மாத்திட்டே இருக்கறதுல பிரயோஜனம் இல்ல, ஏபிஏ102 ஸ்ட்ரிப்புக்குப் போங்க. ஒவ்வொரு எல்இடிக்கும் 8 பிட் கலர் போக தனியா 31 லெவல் பிரைட்னஸ் இருக்கு, ஃபாஸ்ட்எல்இடில ஏபிஏ102எச்டின்னு போட்டா அதையும் சேத்து கணக்கு போட்டுக்கும். விலை ஜாஸ்தி, டேட்டாவோட கிளாக் வயரும் இழுக்கணும்.