படுவான்கரைச் சைக்கிள் ஓட்டம்: கணக்கு சுத்தம், மெயின் ரோட்டில்தான் பயம்

ஊர் அம்புலன்சுக்குக் காசு சேர்க்க மட்டக்களப்பில் நடந்த சைக்கிள் ஓட்டம் எப்படி, அடுத்த முறை போகலாமா என்று கேட்கிறவர்களுக்காக இது. போகலாம். பாதை அருமை, காசுக் கணக்கு சுத்தம், ஆனால் காத்தான்குடி தாண்டும் வரைக்கும் பாதுகாப்பு படு மோசம். கட்டணம் 1500 ரூபாய், ரீசேட், காலைச் சாப்பாடு, வழியில் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். மேலதிகமாகக் கொடுக்கிறவர்களுக்குத் தனி ரசீது.

காந்திப் பூங்காவில் தொடங்கி, 1924இல் கட்டின பழைய கல்லடிப் பாலத்தால் ஏறி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று போய், வலது பக்கம் திரும்பி மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலை, அங்கிருந்து வாவியோரமாக வவுணதீவு, பிறகு வலையிறவுப் பாலத்தால் திரும்ப ரவுணுக்குள். வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரையில் இறங்கி, மேற்கே இருக்கிற படுவான்கரையைச் சுற்றி வருகிற இந்த வட்டத்தை யார் யோசித்தார்களோ, அவருக்கு ஒரு கும்பிடு. மற்ற ஓட்டங்கள் மாதிரி பாசிக்குடா வரை நேரே போய் படம் எடுத்துவிட்டு வருகிற வேலை இல்லை இது.

படுவான்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் இருக்கிறது. மண்முனையில் பாலம் வந்தது 2014இல், ஜப்பான் உதவியோடு. அதற்கு முன்னர் அந்த இடத்தில் ‘பாதை’ என்று சொல்கிற மிதவையில் ஏறித்தான் இந்தக் கரைக்கு வரவேண்டும். இரவில் வயலுக்குக் காவல் போனவரை விரியன் கடித்தாலும், யானை அடித்தாலும், பிள்ளைத்தாச்சிக்கு நோவு கண்டாலும் துறையடிக்கு வந்து பாதைக்குக் காத்து நின்ற கதைகளை அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். இப்போது பாலம் இருக்கிறது, 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. அப்படியென்றால் ஊருக்கென்று இன்னொரு அம்புலன்ஸ் எதற்கு என்று எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. ஏற்பாட்டாளர் ஒருவர் விளக்கினார்: 1990 விபத்து, நெஞ்சுவலி மாதிரி அவசரத்துக்கு ஓடி வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிற சேவை. கால் முறிந்து பிளாஸ்டர் போட்டவரை வார்ட்டில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவரவோ, படுத்த படுக்கையாய்க் கிடக்கிற அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போகவோ அதைக் கூப்பிட முடியாது. அதற்கு வாகனம் பிடிக்கிற காசில் ஒரு கூலிக் குடும்பம் எத்தனை நாள் சாப்பிடலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கொக்கட்டிச்சோலையில் இளைப்பாற நிறுத்திய இடத்தில் ஒரு தாதி உத்தியோகத்தர் பொம்மை வைத்து நெஞ்சை அமுக்குவது எப்படி என்று காட்டினார். நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, முழங்கை மடங்காமல், ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விட்டு. பார்க்கச் சின்ன வேலை, செய்து பார்த்தால் இரண்டாவது நிமிடத்திலேயே கை சோர்ந்துவிடும், அதனால்தான் ஆள் மாற்றி ஆள் செய்யச் சொல்கிறார்கள். சைக்கிள் மிதித்து வந்த களைப்பில் பாதிப்பேர் நிழலில் சாய்ந்துவிட்டார்கள், ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று செய்து பார்த்தார்கள். என்னைக் கேட்டால் 1500 ரூபாய்க்கு இது ஒன்றே போதும்.

இனிக் குறை. கல்லடியில் இருந்து ஆரையம்பதி வரை அந்த மெயின் ரோட்டை உங்களுக்குத் தெரியும், காலை ஆறரைக்கே பஸ், லொறி, மீன் கொண்டுபோகிற மோட்டார் சைக்கிள் என்று நிறைந்துவிடும். அந்த நெரிசலுக்குள் பத்து வயசுப் பிள்ளைகளையும் சேர்த்துத் திறந்துவிட்டார்கள். கொடி பிடித்த தொண்டர்கள் சந்திகளில் மட்டும்தான், இடையில் ஒருவரும் இல்லை. காத்தான்குடியில் நடுவே பேரீச்ச மரம் நிற்கிற இடத்தில் ஒரு தனியார் பஸ் ஹோர்னை அமத்திப் பிடித்துக்கொண்டு உரசுகிற மாதிரிப் போனதில் எனக்கு முன்னால் போன பெண் சைக்கிளோடு விழுந்தார். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. முதலுதவி வாகனம் கடைசி ஆளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்ததால் அது எங்களிடம் வரும் முன்னரே பக்கத்துக் கடைக்கார நானா தண்ணீரும் டெட்டோலும் கொண்டுவந்து கழுவிக் கட்டிவிட்டார். அம்புலன்சுக்குக் காசு சேர்க்கிற ஓட்டத்தில் இப்படி நடக்கலாமா? ஒரு மணித்தியாலம் முன்னதாகத் தொடங்கி, பொலிசிடம் சொல்லி ஒரு பக்கத்தை மட்டும் மறித்தாலே போதும். முதலுதவிக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் நடுவில் வந்தால் இன்னும் நல்லது.

முன்னதாகத் தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் கச்சான், மேற்கே இருந்து வீசுகிற வரண்ட காற்று. ஒன்பது மணி தாண்டினால் படுவான்கரை வெளியில் அது முகத்தில் அடிக்கும், கியர் இல்லாத லுமாலா சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி உருட்டத்தான் வேண்டும். பலர் உருட்டினார்கள்.

கணக்கு விஷயத்தில் மட்டும் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. ஓட்டம் முடிந்த அந்த வாரமே வரவு செலவை அச்சடித்து ஒட்டினார்கள், ரீசேட்டுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, மிச்சத்தில் வாங்கின ஒட்சிசன் சிலிண்டருக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் எவ்வளவு என்று பில்லின் பிரதியோடு. கோயில், பள்ளிவாசல், சங்கம் என்று எத்தனையோ இடத்தில் காசு கொடுத்திருக்கிறோம், யார் இப்படிக் காட்டினார்கள்?

மற்றச் சில்லறை விஷயங்கள்: டியூப் ஒட்டுகிற ஆள் ஒருவர்தான், பம்பும் ஒன்றுதான், ஆகவே உங்கள் பம்பைக் கொண்டுபோங்கள். பெண்களுக்குக் கழிவறை கொக்கட்டிச்சோலையில் மட்டும், அதற்குப் பிறகு ரவுணுக்கு வரும் வரை கிடையாது, இதை நோட்டீசிலேயே போட்டிருக்க வேண்டும். ரீசேட் ஒரு சைஸ் சின்னதாக வருகிறது. காலைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும், பரவாயில்லை. முடிவில் சட்டியோடு வைத்த எருமைத் தயிரும் பாணியும்தான் விசேஷம், ஆனால் கடைசியாக வந்தவர்களுக்குப் பாணி மட்டும்தான் மிச்சம்.