அறுகம்பேயா, பாசிக்குடாவா: அடுப்புள்ள விடுதியும் அடுப்பில்லாத விடுதியும்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு கடற்கரை விடுதிக்குக் காசு கட்டிப் போனேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பது எங்கள் ஊர்ச் சனம்தான். வீடு கல்லடியில். பின்வாசலால் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் கடல். "கடல் பாக்கவா புள்ள காசு குடுத்துப் போறாய்?" என்று பெரியம்மா கேட்டதில் பிழையே இல்லை.

ஆனாலும் போனோம், இரண்டு தரம். போன வருடம் ஓகஸ்ட் லீவில் அறுகம்பேயில் மூன்று இரவு, ஒரு சின்னக் கபானாவில், அதாவது குடில் மாதிரி விடுதியில். இந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு பாசிக்குடாவில் ஒரு இரவு, பெரிய ரிசோர்ட்டில். அங்கே மூன்று இரவுக்குப் போன காசும் இங்கே ஒரு இரவுக்குப் போன காசும் ஏறக்குறைய ஒன்று. உள்ளூர்க்காரருக்கான விலையில்தான், அடையாள அட்டை காட்டித்தான், அப்படியும் அவ்வளவு. நான் பாசிக்குடாப் பக்கம் சாயப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். காசுக் கணக்குப் பார்ப்பவர்கள் இந்த இடத்திலேயே அறுகம்பேக்கு பஸ் ஏறிவிடலாம்.

போனது ஐந்து பேர். நான், இவர், ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன், அறுபத்தேழு வயது அம்மா.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பாசிக்குடா எங்களுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். ஏறாவூர், செங்கலடி, கிரான், வாழைச்சேனை என்று போனால் ஒரு மணித்தியாலம். கொழும்பிலிருந்து வருபவர்கள் ரயிலில் வந்து கல்குடாவிலோ வாழைச்சேனையிலோ இறங்கலாம். அறுகம்பே தெற்கே, சுமார் 110 கிலோமீற்றர். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் தாண்டி. அந்தப் பக்கம் ரயில் இல்லை. வாடைக்காற்று மழை நவம்பரில் தொடங்கினால் இரண்டு இடமும் சரிவராது. ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை இரண்டும் நல்லது. அலை வேண்டுமென்றால் அறுகம்பே. மே முதல் ஒக்டோபர் வரை அங்கே முனையில் உடையும் அலைக்காகவே உலகத்தில் எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். 2019இல் உலக சர்ஃப் லீக் போட்டிகூட அங்கே நடந்தது. அலை வேண்டாமென்றால் பாசிக்குடா. கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அவ்வளவுதான், இதை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்.

நான் சர்ஃபிங் பலகையில் ஏறியதில்லை, ஏறப்போவதுமில்லை. அதனால் அறுகம்பேயின் பெரிய சொத்தைப் பற்றி நான் சொல்வதை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அறுகம்பேயில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் சில்லறைச் சந்தோசங்கள். முதல் நாள் மகன் ரோட்டில் நின்று வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "இவங்க ஏன் எல்லாரும் அயன் பண்ற மேசையைக் கொண்டு திரியிறாங்க?" ஓட்டோக்களின் கூரையில் கட்டியிருந்த சர்ஃபிங் பலகைகளைத்தான் கேட்டிருக்கிறான். மூன்று நாளும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அயன் மேசை. கபானாவின் குளியலறைக்குக் கூரை கிடையாது, நாலு பக்கமும் கிடுகு வேலி மட்டும். குளித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காகம் வந்து வேலியில் குந்தி, தலையைச் சாய்த்துப் பார்த்து, புதுச் சந்தனச் சவர்க்காரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த நாளும் வந்தது. கண்ணில் சவர்க்கார நுரையோடு நான் போட்ட சத்தத்துக்கு இவர் ஓடிவந்து, பாம்பில்லை காகம்தான் என்று தெரிந்ததும் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. ஒரு நாய் எங்களைத் தத்தெடுத்தது. மகள் அதற்கு மாலுமி என்று பெயர் வைத்தாள். கடலுக்குப் போனால் கூடவே வரும், ஆனால் தண்ணீரில் கால் வைக்காது. பாணமைப் பக்கம் போகும்போது பின்னேரம் ரோட்டோரத்தில் யானை நின்றது. ஓட்டோவை நிற்பாட்டி எஞ்சினையும் நிற்பாட்டி, எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்துக்கு விலை இல்லை. இரவில் தண்ணீர் நின்றுபோனது, நுளம்புவலையில் ஓட்டை இருந்தது. அதெல்லாம் அந்த விலைக்கு ஒரு குறையில்லை.

பிரச்சினை கபானாவுக்குப் பின்னால் இருந்த விறகடுப்பில்.

கபானாச் சொந்தக்காரி ஒரு முஸ்லிம் அக்கா. முதல் பேச்சிலேயே ராத்தா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம். முதல் நாள் பின்னேரம் அம்மா சுடுதண்ணீர் கேட்டு அந்தக் குசினிக்குள் போனார். அரை மணித்தியாலம் கழித்து நான் தேடிப்போனால் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். "மறுகா வாறன், நீ போ" என்றார். அந்த மறுகா மூன்று நாளும் வரவில்லை. காலையில் தோணிகள் கரைக்கு வந்ததும் ராத்தாவும் அம்மாவும் போய் ஒரு முழுச் சூரை வாங்கி வந்தார்கள். ஆணத்துக்கு, அதான் மீன் குழம்புக்கு, பழப்புளியா கொறுக்காப்புளியா என்று இரண்டு பேருக்கும் ஒரு மணித்தியால வாக்குவாதம். கடைசியில் இரண்டு சட்டி வைத்தார்கள். இரண்டும் ருசியாகத்தான் இருந்தன, மறைக்கவில்லை. ஆனால் மீன் வாங்கப் போனதைத் தவிர, அம்மா அறுகம்பேக் கடலைக் கண்டது அந்தக் குசினி ஜன்னலால் மட்டும். வீட்டுக்கு வந்தபிறகு, "என்னம்மா பிடிச்ச அங்க?" என்று கேட்டேன். "ராத்தாட அம்மி நல்ல அம்மி" என்றார்.

110 கிலோமீற்றர் போய் அம்மா அம்மியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

பாசிக்குடா ரிசோர்ட் அதற்கு நேர் எதிர். கதவுக்குச் சாவி இல்லை, அட்டை. அந்த அட்டையைச் சுவரில் செருகினால்தான் லைற், ஏசி எல்லாம் வேலை செய்யும். இது மகனுக்குக் கடலைவிடப் பெரிய அதிசயம். கட்டில் விரிப்பை நாலு பக்கமும் இறுக்கிச் செருகியிருந்தார்கள், கடிதத்தை உறைக்குள் போடுகிற மாதிரித்தான் உள்ளே இறங்க வேண்டும். கட்டிலின் நடுவில் துவாயை மடித்துச் செய்த இரண்டு அன்னம். அதைக் குலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஐந்து பேரும் வீட்டிலிருந்து கொண்டுபோன துவாயால் துடைத்தோம், அன்னம் இரண்டும் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. காலைச் சாப்பாட்டில் முட்டை பொரிக்கிற ஆளுக்கு முன்னால் பிள்ளைகள் மூன்று தரம் வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த பெடியனிடம் அம்மா மாவைக் குனிந்து பார்த்து, "புளிக்கல்ல மனே" என்று தீர்ப்புச் சொன்னார். அவன் பாவம், தலையாட்டினான்.

வந்த முதல் ஒரு மணித்தியாலம் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் கிடந்த மணலைக் கையால் கூட்டித் தள்ளினார். கழுவி வைத்திருந்த ரீக் கோப்பைகளைத் திரும்பக் கழுவினார். அறை துப்புரவாக்க வந்த பெடியன் எந்த ஊர், தகப்பன் யார் என்று விசாரித்து வாழைச்சேனையில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்தார். குளியலறையில் இருந்த சின்னச் சவர்க்காரங்களை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "விடுங்கம்மா, நாங்க வாங்காத சவர்க்காரமா" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. நாலரை மணிக்கு அம்மாவுக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. அறையில் அடுப்பில்லை, ரிசோர்ட்டின் குசினி எந்தப் பக்கம் என்றே தெரியாது. எழும்பி, பிள்ளைகள் விளையாடிய பக்கம் நடந்து, சேலையோடு தண்ணீரில் இறங்கினார். முழங்கால் வரும் இடத்தில் அப்படியே குந்திவிட்டார். சேலை காற்றடைத்த பை மாதிரி மேலே வந்தது, இரண்டு கையாலும் அமத்தி அமத்திப் பிடித்தார்.

"தண்ணி சுடுகுது புள்ள" என்றார்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அம்மா கடலில் கால் நனைத்ததை நான் கண்டதில்லை. கல்லடியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தார். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். அப்போதுதான் சவர்க்காரக் கதை வந்தது. எழுபதுகளில் பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் இருந்த காலம். அம்மப்பா வாழைச்சேனையிலிருந்து நண்டும் இறாலும் அந்த ஹோட்டல் ஒன்றுக்குக் கொண்டுவந்து கொடுப்பாராம். அம்மாவுக்குப் பதினாலு வயதிருக்கும், ஒரு நாள் கூட வந்திருக்கிறார். பின்கேற்றோடு நிற்கச் சொல்லிவிட்டு அம்மப்பா உள்ளே போனார். அங்கு வேலை செய்த ஒருவர் கடதாசி சுற்றிய ஒரு சின்னச் சவர்க்காரத்தை அம்மாவின் கையில் கொடுத்தாராம். அவ்வளவு சின்னச் சவர்க்காரம் அம்மா அதுவரை கண்டதில்லை. பாவிக்கவில்லை. உடுப்புப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மணந்து பார்ப்பாராம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையும் போய் பெட்டியும் போனது. பிறகு சண்டை வந்து அந்த ஹோட்டல்களும் அழிந்தன. இப்போதுள்ளவை எல்லாம் 2009க்குப் பிறகு வந்தவை.

எனக்கு நாற்பத்தொரு வயது. இந்தக் கதையை அன்றுதான் முதல் தரம் கேட்கிறேன்.

அடுப்பில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இவர் ஒத்துக்கொள்வதில்லை. "அது அடுப்பால இல்ல, ஆழமில்லாத கடலால. அறுகம்பே அலையில அம்மா இறங்குவாவா?" என்கிறார். பாதி சரி. அலை அடிக்கிற கடலென்றால் அம்மா கிட்டவும் போயிருக்க மாட்டார். ஆனால் இதே பாசிக்குடாவுக்கு நாங்கள் காலையில் போய்ப் பின்னேரம் திரும்புகிற பயணமாக எத்தனை தரம் வந்திருக்கிறோம்! பொதுக் கடற்கரைப் பக்கம், ஒரு சதம் செலவில்லை. அதே தண்ணீர், அதே முழங்கால் ஆழம். அப்போதெல்லாம் அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பிப் புளிச்சாதமும் முட்டையும் இறால் பொரியலும் செய்து, சட்டி பானையோடு வானில் ஏறுவார். நாங்கள் கடலில், அம்மா மரநிழலில், காகத்துக்கும் நாய்க்கும் சட்டியைக் காவல் காத்துக்கொண்டு. ஒரு தரமும் இறங்கவில்லை. "வாங்களன்" என்று கூப்பிட்டால் "சோத்த ஆர் பாக்குற?" என்பார். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சட்டி மட்டும்தான். ரிசோர்ட்டுக்கு நான் கட்டிய காசு கடலுக்கில்லை, அதை எவரும் சும்மா பார்க்கலாம். அந்தச் சட்டியை வீட்டில் வைத்துவிட்டு வருவதற்குத்தான் அவ்வளவு காசு. அதிகம்தான். அடுத்த மாதமும் அதன் தவணையைக் கட்டினேன்.

ஒரு இரவு அனுபவத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று இரவு இருந்திருந்தால் அம்மா சமையல்காரர்களோடு சண்டைக்குப் போயிருக்கவும் கூடும். இரண்டாம் நாள் காலையிலேயே, சொதியில் தேங்காய்ப்பால் காணாது என்று முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அறையைக் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் பிள்ளைகளின் கடைசிக் குளிப்பு அழுகையோடு முடிந்தது. பில்லில் நாங்கள் குடிக்காத இரண்டு சோடா இருந்தது, சொல்லிக் கழிக்க அரை மணித்தியாலம் போனது. அறுகம்பேயில் பில்லே இல்லை. ராத்தா கையால் எழுதிய ஒரு துண்டு, அதில் மீன் காசைப் போடவும் மாட்டேன் என்றுவிட்டார்.

உங்கள் வீட்டில் சும்மா இருக்கத் தெரிந்த அம்மா இருந்தால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது, தாராளமாக அறுகம்பே போங்கள். கூட்டாளிமாரோடு போகிற இளசுகளுக்கும் அதுதான். மகனும் அந்தப் பக்கம்தான், அட்டைச் சாவியை மறந்துவிட்டான், யானையை மறக்கவில்லை. மகளுக்கு மாலுமி.

அம்மாவின் வாக்கும் அறுகம்பேக்குத்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். "அங்க எனக்கு ஒரு வேல இருந்த. இஞ்ச சும்மா குந்தியிருந்த" என்கிறார். ராத்தாவோடு இன்னும் போனில் கதை போகிறது, கொறுக்காப்புளிக்கு அம்மா கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். சவர்க்காரங்கள் இரண்டும் அலுமாரியில், சேலைகளுக்கு நடுவில் இருக்கின்றன.

வருகிற ஓகஸ்டுக்குப் பாசிக்குடாவில் இரண்டு இரவு கேட்டிருக்கிறேன். கல்குடாப் பக்கம் குசினியோடு சின்ன விடுதிகளும் இருக்கின்றன, அரைவாசி விலைக்கு. அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.