நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்: தொண்டி முதல் சாயல்குடி வரை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கல்வி உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்க ஒன்றிய அரசு நடத்தும் இணையதளமான நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. பணம் நேராகப் பிள்ளையின் கணக்குக்கு வருகிறது. விண்ணப்பம் யாரிடம் நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். குறைத்த ஒன்றரை, படிவத்துக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றுக்காக. பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி பக்கத்துப் பிள்ளைகளின் விண்ணப்பம் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

இந்த ராமநாதபுரம் கடற்கரைக்கு அதிகம் பயன்படுவது, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துக் கொடுக்கும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்களுக்கு மனத்திறன் தாளில் 90 கேள்வி, பாடத்தாளில் 90 கேள்வி, தாளுக்கு 90 நிமிடம். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. பட்டியலில் பெயர் வந்துவிட்டது, இனிப் பணம் தானே வரும் என்று இருந்துவிடுபவர்கள் நிறைய. அப்படி வராது. ஒன்பதாம் வகுப்பில் போர்ட்டலில் புதிதாக விண்ணப்பித்து, பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் இல்லாவிட்டால் பிளஸ் ஒன்னில் நின்றுவிடும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு.

இனிச் சிக்கல்கள். முதலாவது, பெயர். பள்ளிப் பதிவேட்டில் 'அ. ஆரோக்கியராஜ்', ஆதாரில் 'ஆரோக்கியராஜ் அந்தோணி', பேங்க் பாஸ்புக்கில் 'ஆரோக்கியராஜ் ஏ' என்று ஒரே பையன் மூன்று பேராக இருப்பான். நமக்கு இனிஷியல் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு அப்படியில்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். அதனால் அவசரப்பட்டு ஆதாரில் கை வைக்காமல், பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பள்ளிப் பதிவு தவறென்றால் தலைமையாசிரியர் வழியாக எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது ஓ.டி.ஆர். என்ற ஒருமுறைப் பதிவு. 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். படிப்பு முடியும்வரை அதுதான் அடையாளம், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இதற்கு ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும். ஜன்னலுக்கு எதிரே முதுகைக் காட்டி நின்றால் முகம் இருண்டு போய்ச் செயலி ஏற்காது. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், உச்சி வெயிலிலும் வேண்டாம். பழைய போனில் செயலியே ஓடாமல் போகலாம். 15 வயதில் ஆதார் பயோமெட்ரிக்கைப் புதுப்பிக்காதவர்களுக்கும் இங்கே இடறும்.

ஓ.டி.பி.யும் ஒரு தொல்லை. ஆதாரில் அப்பா நம்பர்தான் இருக்கும். அப்பா கடலில், போனுக்கு டவர் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களிலேயே ஆதார் திருத்தம், நம்பர் மாற்றம், பேங்க் வேலை மூன்றையும் முடித்துவிடுங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவையில் 60 ரூபாய், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. கடந்து தாசில்தார் ஒப்புதல் வரை போக வேண்டும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

படிவத்தை அனுப்பினால் பாதி வேலைதான் முடிந்தது. பள்ளியின் பொறுப்பு ஆசிரியர் தன் லாகினில் சரிபார்த்தால்தான் அது அடுத்த நிலைக்கு நகரும். பிரின்ட் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து ஸ்டேட்டஸ் பாருங்கள். 'டிஃபெக்டிவ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், குறையைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் போர்ட்டல் மூடுவதற்குள் அனுப்ப வேண்டும். 'ரிஜெக்டட்' என்றால் அந்த ஆண்டு முடிந்தது.

பணம் வராமல் போக முக்கியக் காரணம் பேங்க். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுப்பது வேறு, என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தில் சீடிங் ஆவது, அதாவது ஆதாருக்கு வரும் அரசுப் பணம் எந்த பேங்குக்குப் போக வேண்டும் என்று பதிவாவது, வேறு. சீடிங் ஒரு நேரத்தில் ஒரு பேங்கில்தான் இருக்கும். கடைசியாக எங்கே செய்தீர்களோ அங்கேதான் பணம் போகும். மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் பேங்க் பெயரே தெரியும். ராமநாதபுரம் டவுன் வரை அலைய முடியாதவர்களுக்குத் தபால்காரர் வழியாக இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு நல்ல வழி. பணம் அனுப்பப்பட்டதா என்று, அரசுப் பணப் பட்டுவாடாவைக் காட்டும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாமே இந்தப் போர்ட்டலில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கல்லூரி மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் தமிழக அரசு தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி வழியாகத்தான் பதிவு. மீனவர் நல வாரிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கான கல்வி உதவிக்கு மீன்வளத் துறை அலுவலகம் போக வேண்டும். சிறுபான்மையினருக்கான ப்ரீ-மெட்ரிக் உதவித்தொகை ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2022-இலேயே நின்றுவிட்டது. கீழக்கரையிலோ தொண்டியிலோ ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வந்ததும் பிள்ளையைத் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கும் பழக்கம் இங்கே உண்டு. சேர்த்தால் என்.எம்.எம்.எஸ். அன்றே நின்றுவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீடும், கல்லூரியில் வரும் மாதம் ஆயிரமும் சேர்ந்தே போகும். டி.சி. வாங்கும் முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.