கங்காருவின் பை, வொம்பாட்டின் பை
கங்காருவும், குட்டைக் கால்களோடு குண்டாக இருக்கும் வொம்பாட்டும் ஆஸ்திரேலியாவின் பை விலங்குகள்தான், அதாவது குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்ப்பவை. ஆனால் கங்காருவின் பை மேல்நோக்கித் திறக்கும், வொம்பாட்டின் பை பின்பக்கமாகத் திறக்கும்.

வொம்பாட் வளை தோண்டி வாழ்வது. முன்னங்கால்களால் மண்ணை வாரிப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். பையின் வாய் முன்னால் இருந்தால் அத்தனை மண்ணும் குட்டியின் மேல்தான் விழும். வளர்ந்த குட்டி தாயின் பின்னங்கால்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டிப் பார்ப்பது அவ்வளவு அழகு!

கங்காருவோ நிமிர்ந்து நின்று தாவி ஓடுவது. அதற்கு மேல்நோக்கித் திறக்கும் பைதான் சரி. பையின் வாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கிக்கொண்டால் எவ்வளவு வேகமாகத் தாவினாலும் குட்டி விழாது.

குட்டி பைக்குள் போகும் விதம்தான் என்னை அசத்துகிறது. செங்கங்காருவின் கர்ப்பம் சுமார் 33 நாள்தான். பிறக்கும் குட்டி ஒரு கிராம்கூட இருக்காது; கண் திறந்திருக்காது, பின்னங்கால்கள் வெறும் மொட்டு. ஆனாலும் முன்னங்கால்களால் தாயின் ரோமத்தைப் பற்றிப் பற்றித் தானே ஏறிப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்ளும். தாய் தூக்கி விடுவதில்லை.

வொம்பாட் குட்டியும் இதே மாதிரி பொடிசாகத்தான் பிறக்கிறது. ஆனால் அங்கே காம்பு இரண்டுதான், கங்காருவுக்கு நான்கு. அப்புறம், கங்காருத் தாய் ஒரே நேரத்தில் இரண்டு விதப் பால் சுரப்பாள்: பைக்குள் இருக்கும் பச்சைக் குட்டிக்கு ஒரு காம்பில் நீர்த்த பால், வெளியே துள்ளித் திரிந்துவிட்டுத் தலையை மட்டும் உள்ளே விட்டுக் குடிக்கும் மூத்ததுக்கு இன்னொரு காம்பில் கொழுப்பு நிறைந்த பால்.