லைட்டர் அடுப்பா, ஆட்டோ இக்னிஷனா? தினமும் கழுவும் சமையலறைக்கு எது ஏற்றது?

குமிழைத் திருகினாலே தானாகப் பற்றும் ஆட்டோ இக்னிஷன் அடுப்பில் நான்கு ஆண்டுகள் சமைத்துவிட்டு, போன பொங்கலுக்கு முன்பு, லைட்டரால் பற்றவைக்கும் பித்தளை பர்னர் அடுப்புக்கே திரும்பிவிட்டேன். இருப்பது நாகப்பட்டினம். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு டப்பாவில் தண்ணீர் நிற்கும் ஊர். என் முடிவில் இந்த ஈரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

எரிவாயுச் செலவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற வீட்டு அடுப்பு எதுவானாலும் குறைந்தது 68 சதவீத வெப்பத் திறன் இருக்க வேண்டும், அதாவது எரிவாயு தரும் வெப்பத்தில் அவ்வளவாவது பாத்திரத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்பது விதி. பற்றவைக்கும் முறை அதை மாற்றாது. விலையில் ஆட்டோ இக்னிஷன் கொஞ்சம் கூடுதல். கண்ணாடி மேல்தளமா, ஸ்டீலா என்பது தனிக் கேள்வி. இரண்டு முறையிலும் இரண்டும் கிடைக்கின்றன.

உண்மையான வேறுபாடு, பர்னர் பற்றாமல் போகும் காலையில்தான் தெரிகிறது.

லைட்டரிலும், குமிழைத் திருகினால் 'டக்' என்று ஒலிக்கும் அடுப்பிலும் வேலை செய்வது ஒரே தத்துவம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்தார்களே, அதுதான். உள்ளே ஒரு சிறு சுத்தி படிகத்தை அடிக்கிறது, பொறி பறக்கிறது. ஆனால் லைட்டரின் பொறி, சுவரில் ஆணியில் தொங்கும் கருவிக்குள் உலர்ந்து கிடக்கிறது. ஆட்டோ இக்னிஷனில் அது பர்னருக்குப் பக்கத்திலேயே, வெள்ளைப் பீங்கான் உறை போட்ட சிறு கம்பியின் நுனியில் இருக்கிறது. பால் பொங்கினாலும், சோற்றுக் கஞ்சி வழிந்தாலும், ரசம் நுரைத்தாலும் முதலில் நனைவது அந்தக் கம்பிதான்.

நனைந்தால் என்ன ஆகிறது? பொறி, கம்பி நுனியிலிருந்து பர்னருக்குக் காற்றில் தாவ வேண்டும். பீங்கானின் மேல் ஈரமோ காய்ந்த கஞ்சிப் படலமோ இருந்தால், மின்சாரம் தாவாமல் அந்தப் படலத்தின் வழியாகவே அடுப்பின் உலோக உடலுக்கு இறங்கிவிடுகிறது. 'டக்' சத்தம் கேட்கும், பொறி மட்டும் வராது. என் வீட்டில் மழைக்காலம் முழுக்க இதுதான் நடந்தது. அடுப்பை இரவில் கழுவித் துடைப்பதும், வெள்ளிக்கிழமை நீர் விட்டுத் தேய்த்துக் குங்குமம் வைப்பதும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். அந்தப் பழக்கத்தை விடச் சொன்னார் பழுது பார்க்க வந்தவர். "ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள் அம்மா" என்றார். ஒரு மாதம் முயன்றேன். பொங்கி வழிந்த பால் பர்னரடியில் கருகி நாறும்போது, கழுவாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மூன்றாம் ஆண்டில் உள்ளே போகும் ஒயரின் முனை பச்சை பூத்துவிட்டது. கடல் காற்றின் கைங்கரியம். ஒரு முறை மாற்ற 350 ரூபாய் ஆனது. ஆறு மாதத்தில் இடப்பக்க பர்னரில் மீண்டும் அதே தொல்லை. லைட்டர் பழுதானால் தூக்கிப் போட்டுவிட்டு, மளிகைக் கடையில் புதிது வாங்கிக்கொள்ளலாம். வாங்கும் வரை தீப்பெட்டி இருக்கிறது.

"ஆட்டோ இக்னிஷன் அடுப்பையும் லைட்டரால் பற்றவைக்கலாமே?" என்று கேட்பீர்கள். பற்றவைக்கலாம், நானும் அப்படித்தான் கடைசி ஓராண்டை ஓட்டினேன். எனக்குக் கவலை வேறு. திருகும் வகை அடுப்பில் ஒவ்வொரு முயற்சிக்கும் குமிழை முழுக்க மூடிவிட்டு மறுபடி திருக வேண்டும். திருகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எரிவாயு வெளியே வருகிறது. 'இந்த முறை பற்றிவிடும்' என்று ஏழெட்டு முறை திருகுவது மிக எளிதாகப் பழகிவிடுகிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தேங்கும். லைட்டரில் வரிசை நம் கையில் இருக்கிறது: லைட்டரை பர்னர் ஓரத்தில் வைத்த பிறகுதான் குமிழைத் திறக்கிறோம். எந்த அடுப்பானாலும் மூன்று முறைக்கு மேல் முயலாதீர்கள். மூடிவிட்டு, ஜன்னலையும் கதவையும் திறந்து, வாடை முழுக்கப் போகும் வரை காத்திருங்கள். வாடை போகவில்லை என்றால் ரெகுலேட்டரை மூடுங்கள், மின்விசிறி சுவிட்சைக்கூடத் தொடாதீர்கள், வெளியே வந்து, எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்கு அழையுங்கள்.

இன்னொரு வசதியும் லைட்டர் அடுப்பில் இருக்கிறது. பர்னர் பற்றவில்லை என்றால் காரணம் பொறியா, எரிவாயுவா என்று நொடியில் பிரித்துவிடலாம். லைட்டரைக் கண்ணெதிரே தட்டிப் பார்த்தால் பொறி தெரிகிறது. அது இருந்தால் குறை எரிவாயு வரும் வழியில்தான். இரண்டு பர்னருமே பற்றவில்லையா? சிலிண்டர் தீர்ந்திருக்கும், ரெகுலேட்டர் திறக்காமல் இருக்கும், அல்லது டியூப் எங்கோ மடிந்திருக்கும். ஒன்று மட்டும் என்றால் அந்த பர்னரின் ஜெட்டிலோ (எரிவாயு பீறிடும் சிறு துளை உள்ள முனை), எரிவாயுவும் காற்றும் கலக்கும் கலவைக் குழாயிலோ அடைப்பு. எங்கள் வீட்டில் பாதி நேரம் எறும்புதான். ஊருக்குப் போய்வந்த நான்கு நாளில் குழாய்க்குள் குடியேறிவிடும். சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறிய பிறகு, பர்னரைக் கழற்றிக் குழாயை மெல்லிய தூரிகையால் துடைத்தால் போதும். ஜெட்டின் துளையை ஊசியால் குடைந்து பெரிதாக்கிவிடக் கூடாது. பெரிதானால் எரிவாயு அளவுக்கு மீறி வரும், தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கரியாகும். அது மெக்கானிக்கின் வேலை.

கழுவிய பர்னர் ஈரமாக இருந்தால் லைட்டர் அடுப்பும் சரியாகப் பற்றாது. அதை மறைக்க விரும்பவில்லை. துளைகளில் நீர் தங்கினால் எரிவாயு ஒரு பக்கம் மட்டும் கசிந்து, 'பொக்' என்று பற்றும். பித்தளை பர்னரைக் கவிழ்த்து உதறி, வெயிலில் பத்து நிமிடம் வைத்து, அதற்கான பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று ஒரு சுற்று திருப்பிப் பார்த்த பிறகே பற்றவைக்கிறேன். மாதம் ஒரு முறை இரவில் புளித் தண்ணீரில் ஊறப்போட்டால் கறுப்பும் அடைப்பும் சேர்ந்து போகின்றன. இந்த வேலை இரண்டு அடுப்புக்கும் பொது. ஆட்டோ இக்னிஷனில் இதற்கு மேல் கம்பியும் பீங்கானும் உலர வேண்டும்.

பேட்டரியில் இயங்கும் வகையைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது. பெங்களூரில் தங்கை வீட்டில் பத்து நாள் சமைத்ததோடு சரி. குமிழை அழுத்தியபடி இருந்தால் பொறி விடாமல் வருகிறது. அதனால் திருகித் திருகி முயலும் தொல்லை இல்லை, மின்தடையிலும் வேலை செய்கிறது. பற்றாதபோது அவள் முதலில் செய்வது பேட்டரியை மாற்றுவது. பெரும்பாலும் அதுவே போதுமாக இருந்தது. அங்கே கடல் காற்றும் இல்லை, அவள் அடுப்பை நீர் விட்டுக் கழுவுவதும் இல்லை.

ஒரே ஒருவருக்கு மட்டும் நான் ஆட்டோ இக்னிஷனைத்தான் சொன்னேன். திருவாரூரில் தனியாக இருக்கும் அத்தைக்கு வாதத்தால் விரல்கள் மடங்காது. லைட்டரை அழுத்த அவரால் முடியாது, தீக்குச்சி உரசவும் முடியாது, குமிழைத் திருகுவது மட்டும் முடிகிறது. அவருக்கு மூன்று பர்னர் உள்ள அடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்து, பால் காய்ச்ச உயரமான பாத்திரம் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தேன். அங்கே அடுப்பைக் கழுவுவது வேலைக்கு வரும் அக்கா. பீங்கான் கம்பியைக் காட்டி, கடைசியில் இதை மட்டும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எட்டு மாதமாக அத்தையின் மூன்று பர்னரும் முதல் திருப்பத்திலேயே பற்றுகின்றன.