செங்கோட்டை வீட்டில் டாப்போ சி200: கேமராவை விட ரவுட்டர்தான் முக்கியம்

அம்மா தனியாக இருக்கும் செங்கோட்டை வீட்டுக்கு நான் வாங்கி வைத்தது டிபி-லிங்க் கம்பெனியின் டாப்போ சி200 என்கிற வைஃபை கண்காணிப்புக் கேமரா. ஒரு சாரல் சீசனை முழுசாகப் பார்த்துவிட்டது, அதனால் தைரியமாக எழுதுகிறேன். நல்ல கேமரா, இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கிறது, கொடுக்கிற காசுக்கு மேலேயே வேலை செய்கிறது. ஆனால் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கேமராவை இல்லை, வீட்டு ரவுட்டரை. ஒரே மாடலை வாங்கிய இரண்டு வீட்டில் ஒரு வீட்டில் அது பாட்டுக்கு ஓடும், இன்னொரு வீட்டில் எப்போது ஆப்பைத் திறந்தாலும் ஆஃப்லைன் என்று நிற்கும். அதைத் தீர்மானிப்பது வைஃபை, கரண்ட், கேமரா வைத்த இடம், இந்த மூன்றும்தான்.

எனக்கு வேலை புனலூரில். புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை என்று மலைப்பாதையில் போகும்போது போனில் சிக்னல் வரும், போகும். அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. அதனால் நான் முக்கியமாகப் பார்த்தது, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் கேமரா தன்னிடமே பதிவு செய்து வைத்துக்கொள்ளுமா என்பதைத்தான். இதில் மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம், மாதாமாதம் பணம் கட்டிப் பதிவை இன்டர்நெட்டில் சேமிக்கிற கிளவுட் திட்டம் கட்டாயம் இல்லை. 128 ஜிபி கார்டில் 384 மணி நேரம், அதாவது 16 நாள் பதிவு நிற்கும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. கார்டு நிறைந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டே போகும். இராப்பகலாக எழுதிக்கொண்டிருப்பதால் சாதாரண கார்டு சீக்கிரம் களைத்துவிடும், கேமராவுக்கென்றே விற்கிற எண்டியூரன்ஸ் கார்டாக வாங்குங்கள். போட்டவுடன் ஆப்பிலேயே ஒரு தடவை ஃபார்மேட் செய்துவிடுங்கள்.

ஊரில் ஒரு கடையில் விசாரித்தபோது மாட்டுவதற்குத் தனிக் கூலி, ஒரு வருடத்துக்கு சர்வீஸ் என்று ஒரு தொகை, வயர் இழுக்க இன்னொன்று என்று அடுக்கினார்கள். பல கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி வைத்து நாலு மூலைக்கும் கேபிள் இழுக்கிற வேலைக்கு அந்தக் கூலி நியாயம்தான். வயர்லெஸ் கேமரா ஒன்றை வைக்க ஆள் தேவையே இல்லை. பெட்டியிலேயே கேமரா, 9 வோல்ட் அடாப்டர், இரண்டு ஸ்க்ரூ, ஓட்டை போட அளவு காட்டும் ஸ்டிக்கர் எல்லாம் இருக்கிறது. அலமாரி மேல் சும்மா வைத்தாலும் போதும்.

சரி, இணைப்பு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரவுட்டர்கள் பலவும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். இந்தக் கேமரா 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராது. இதைக் குறை என்று நினைக்க வேண்டாம், சுவரைத் தாண்டிப் போவதில் 2.4தான் தேறும். சிக்கல் என்னவென்றால் இப்போது ஃபைபர் கனெக்ஷனோடு தருகிற ரவுட்டர்களில் பல, இரண்டையும் சேர்த்து ஒரே பெயரில் காட்டுகின்றன. சில கேமராக்கள் அதிலும் சேர்ந்துவிடும், சில சேராமல் இழுத்தடிக்கும். ரவுட்டர் செட்டிங்கில் போய் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பாதுகாப்பு முறை என்று இருக்கும் இடத்தில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் அதை டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். பக்கத்து வீடுகளின் வைஃபை நெருக்கமாக இருக்கும் தெருவென்றால் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததாகப் பார்த்து வைத்துவிடுங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பது இந்த மூன்றும்தான். எங்கள் வீட்டு ரவுட்டரில் இதெல்லாம் செய்த பிறகுதான் கேமராவைப் பெட்டியிலிருந்தே எடுத்தேன்.

முதல் இணைப்பை ரவுட்டர் பக்கத்திலேயே வைத்துச் செய்யுங்கள், சுவரில் மாட்டுவது கடைசி வேலை. கரண்ட் கொடுத்ததும் சிவப்பு விளக்கு நின்று எரியும். கொஞ்ச நேரத்தில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னினால் தயார் என்று அர்த்தம். ஆப்பில் மாடலைத் தேர்ந்தெடுத்தால் கேமரா வெளியிடும் தற்காலிக வைஃபையில் போனைச் சேர்க்கச் சொல்லும், பெயர் டாப்போ கேம் என்று தொடங்கும். ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், கேமராவைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஆப் சொல்லும், நாமும் கேமராதான் பழுது என்று நினைத்துவிடுவோம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, லொகேஷனை ஆன் செய்துவிட்டு, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இதிலேயே இரு என்று போனுக்குச் சொல்லிவிட்டால் தாண்டிவிடலாம். அப்புறம் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் விளக்கு முதலில் மஞ்சளாகி, பிறகு பச்சையில் நிற்கும். மஞ்சளிலேயே நின்றால் வைஃபை கிடைத்துவிட்டது, இன்டர்நெட் கிடைக்கவில்லை. இது தெரிந்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று உடனே பிடித்துவிடலாம்.

எங்காவது சிக்கிவிட்டால் லென்ஸைக் கையால் மெல்ல மேலே தூக்குங்கள், கார்டு போடும் இடத்துக்குப் பக்கத்தில் ரீசெட் பட்டன் ஒளிந்திருக்கும். விளக்கு வேகமாகச் சிவப்பில் மின்னும் வரை அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்யலாம். இன்னொன்று, பிறகு ரவுட்டரை மாற்ற நேர்ந்தால் புதியதற்கும் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே எழுத்து மாறாமல் கொடுங்கள், கேமரா தானாக வந்து சேர்ந்துகொள்ளும். வெளியூரில் இருந்துகொண்டு வயசான ஆளிடம் போனில் விளக்கு நிறம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வைக்கும் இடம். எங்கள் வீடு பழைய காலத்து நீள வீடு. முன்னால் தார்சா என்கிற தாழ்வாரம், பட்டாசல் என்கிற நடுக்கூடம், அதைத் தாண்டி அடுப்படி, கடைசியில் புறவாசல் என்று ரயில் மாதிரி போகும், சுவர் ஒவ்வொன்றும் கைமுழம் கனம். ரவுட்டர் தார்சாவில் இருந்தால் பட்டாசல் வரை தாராளமாக எட்டுகிறது, அடுப்படிக்குப் போனதும் படம் உறைந்து உறைந்து நிற்கிறது. அதனால் பட்டாசலின் மூலையில், வாசல் நிலையும் அடுப்படிக் கதவும் இரண்டும் தெரிகிற மாதிரி, ஆள் உயரத்துக்கு மேல் மாட்டினேன். பக்கவாட்டில் 360 டிகிரியும் மேலும் கீழும் 114 டிகிரியும் திரும்புவதால் ஒரு கேமராவே அந்த நடுவீட்டுக்குப் போதும். மச்சில், அதாவது சீலிங்கில், தலைகீழாகவும் மாட்டலாம், ஆப்பில் படத்தைத் திருப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. இரவில் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் 30 அடி வரை, அதாவது 9 மீட்டர் வரை தெரியும் என்பது கம்பெனி சொல்வது, எங்கள் பட்டாசலுக்கு அதுவே அதிகம். பகலில் முகம் தெளிவாகத் தெரிகிறது, வாசலில் நிற்பது பால்காரரா புது ஆளா என்று சொல்லிவிடலாம்.

தெருவையும் பார்க்கலாமே என்று ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைக்க நினைப்பவர்கள் கவனியுங்கள். இரவில் அந்த இன்ஃப்ராரெட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி லென்ஸிலேயே விழும், படம் முழுக்க வெள்ளையாகத்தான் இருக்கும். இது எந்தக் கம்பெனி கேமராவுக்கும் பொது.

சாரல் காலத்தில் இங்கே ஈசலும் பூச்சியும் கொஞ்சமில்லை. லென்ஸுக்கு முன்னால் ஒரு பூச்சி பறந்தாலும், கொடியில் போட்ட ஈரத்துணி காற்றில் ஆடினாலும் அசைவு என்று போனுக்குத் தகவல் வந்துகொண்டே இருக்கும். எல்லா அசைவுக்கும் தகவல் என்பதை எடுத்துவிட்டு, மனிதர்களைக் கண்டால் மட்டும் சொல் என்று வைத்து, எந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும் என்று ஆப்பில் கட்டமும் போட்டுவிட்டேன். வாசல் நிலையைச் சுற்றி மட்டும் கட்டம். அதற்குப் பிறகு வருகிற தகவலெல்லாம் பார்க்க வேண்டிய தகவல்தான். ஓயாமல் வந்தால் யாராக இருந்தாலும் நாளாவட்டத்தில் பார்க்காமல் விட்டுவிடுவார்கள், அப்புறம் கேமரா இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மாட்டுகிற அன்றைக்கு அம்மா கேட்டது, "ஏய்யா, இது நான் படுத்துக் கெடக்கதையும் பாத்துக்கிட்டே இருக்குமா?" என்று. கேட்க வேண்டிய கேள்வி. வீட்டில் இருப்பவர் சம்மதம் இல்லாமல் நடுவீட்டில் கேமரா வைப்பது தப்பு, அது பெற்ற தாயாக இருந்தாலும். படுக்கும் அறையில் வைக்கவே இல்லை. இதில் பிரைவசி மோடு என்று ஒன்று இருக்கிறது, போட்டுவிட்டால் பார்ப்பதும் பதிவதும் இரண்டும் நின்றுவிடும். அம்மா போனிலும் ஆப்பைப் போட்டு அந்தப் பட்டன் எங்கே என்று காட்டிக் கொடுத்தேன். வேண்டாத நேரத்தில் அவர்களே போட்டுக்கொள்கிறார்கள், ஏன் போட்டாய் என்று நான் கேட்பதில்லை. கேமராவிலேயே மைக்கும் ஸ்பீக்கரும் இருப்பதால் போனை எடுக்காவிட்டால் அதன் வழியாக ஒரு சத்தம் கொடுக்கலாம், இதுதான் எங்களுக்கு அதிகம் பயன்படுகிறது. ஆப் கணக்குக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் ஆன் செய்யுங்கள்.

அடுத்தது கரண்ட். இந்தக் கேமராவுக்குள் பேட்டரி கிடையாது. மலைக்காற்று அடிக்கும் நாளில் எங்காவது கிளை முறிந்து லைனில் விழுந்தால் ரவுட்டரும் கேமராவும் சேர்ந்தே போய்விடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் ரவுட்டருக்கென்று விற்கிற மினி யூபிஎஸ் வாங்கலாம். ஆனால் அதில் பெரும்பாலும் 12 வோல்ட்தான் வரும், இந்தக் கேமராவுக்கு வேண்டியது 9 வோல்ட். முனை பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். 9, 12 இரண்டும் தனித்தனியாகத் தருகிற யூபிஎஸ்ஸைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் பெயர் தெரியாத கேமராக்கள் இதில் பாதி விலைக்கும் கிடைக்கின்றன. வாங்குமுன் ஒன்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் கண்காணிப்புக் கேமராக்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் பாதுகாப்பு விதிகளை அறிவித்து, 2025 ஏப்ரல் முதல் அவற்றைக் கட்டாயமாக்கியது. பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும், பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணை அடித்தால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். உங்கள் நடுவீட்டைப் பார்க்கப் போகிற பொருள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் செலவழியுங்கள்.

புறவாசலுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள் அம்மா. அங்கே இதை வைக்க முடியாது, இது வீட்டுக்குள் வைக்கிற சாமான், சாரல் தாங்காது. தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் காட்டும் ஐபி66 என்று போட்ட வெளிக்கேமராதான் வேண்டும், அதற்கு முன்னால் வைஃபையை அடுப்படி தாண்டிக் கொண்டுபோக ஒரு மெஷ் ரவுட்டர், அதாவது வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வைத்து ஒரே வைஃபையைப் பரப்புகிற ரவுட்டர் செட், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.